‘மீடியா படிச்சு என்ன செய்யப்போறாய்?’: பேர்மிங்ஹாமில் ஒரு பழைய பதில்

ஏ.எல். பெறுபேறு வந்து, இசட் ஸ்கோர் பார்த்து, கலைப்பீடத்துக்குத் தெரிவாகி, அங்கே ஊடகத்தைப் பாடமாக எடுத்த எங்களில் எவருமே இந்தக் கேள்விக்குத் தப்பவில்லை. கலியாண வீட்டுப் பந்தியில் பக்கத்திலிருக்கும் மாமா கேட்பார். பஸ்ஸில் சந்திக்கும் பழைய ரீச்சர் கேட்பார். “மீடியா படிச்சு என்ன பிள்ளை செய்யப்போறாய்? நியூஸ் வாசிக்கப்போறியோ?” நாங்களும் சிரித்துச் சமாளித்துவிட்டு வருவோம். மாமாவில பிழை சொல்ல ஏலாது. வேலை கிடைக்குமா என்பது இந்த நாட்டில் சின்னக் கேள்வியில்லை.

ஆனால் ஊடகத்தோடு ‘கலாசாரக் கற்கை’ என்ற பெயரையும் சேர்த்துச் சொன்னால் சிக்கல் இன்னும் கூடும். எங்கட ஊரில் கலாசாரம் என்ற சொல் எங்கே எல்லாம் வருகிறது என்று ஒருக்கா எண்ணிப் பாருங்கள். பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தர் இருக்கிறார். கலாசார மண்டபம் இருக்கிறது. கலாசார உடை இருக்கிறது. இவற்றையெல்லாம் விடக் கூடுதலாகப் பத்திரிகையில் வருவது ‘கலாசாரச் சீரழிவு’. பெடியன்கள் தலைமயிர் வளர்த்தால் கலாசாரச் சீரழிவு, பெட்டையள் கடற்கரையில் படம் எடுத்தால் கலாசாரச் சீரழிவு, போன் பார்த்தால் கலாசாரச் சீரழிவு. அதாவது கலாசாரம் என்பது பெரியவர்களிடம் பத்திரமாக இருக்கிற ஒரு பொருள், அதைப் போட்டு உடைக்கிறவர்கள் நாங்கள். இதுதான் கணக்கு.

இந்தக் கணக்கைத் தலைகீழாக்கிப் பார்க்கிற ஒரு படிப்பு எப்படி உருவானது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறோம். அது இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில், 1964இல், மிகச் சிறிதாகத் தொடங்கியது. 2002இல் மூடப்பட்டது. அந்த முப்பத்தெட்டு வருடக் கதைக்குள் எங்கட ஆட்களும் இரண்டு மூன்று இடங்களில் வந்துபோகிறார்கள்.

இரவு வகுப்பும் நீதிமன்றமும்

இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகு பிரிட்டனில் முதியோர் கல்வி வகுப்புகள் பெரிதாக நடந்தன. பகலில் வேலை செய்துவிட்டு வருகிற தொழிலாளிகளும் வீட்டிலிருக்கும் பெண்களும் இரவு வகுப்புகளில் இலக்கியமும் வரலாறும் படித்தார்கள். அந்த வகுப்புகளில் படிப்பித்த மூன்று பேரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹல்லில் படிப்பித்தவர் ரிச்சர்ட் ஹொகார்ட். லீட்ஸ் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில், தாய் தகப்பனை இழந்து, பாட்டியிடம் வளர்ந்தவர். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி வகுப்புகளில் படிப்பித்தவர் ரேமண்ட் வில்லியம்ஸ். வேல்ஸ் கிராமம் ஒன்றில் ரயில் சிக்னல் பெட்டியில் வேலை செய்தவரின் மகன். லீட்ஸ் பக்கத்தில் படிப்பித்தவர் ஈ.பி. தொம்சன். அவர் வசதியான குடும்பம்தான், ஆனால் வாழ்நாள் முழுக்கத் தொழிலாளர்களின் வரலாற்றையே எழுதினார்.

சும்மா பாடப்புத்தகத்தை ஒப்புவித்து இந்த வகுப்புகளை நடத்த முடியாது. இருக்கிறவர்கள் வாழ்க்கை தெரிந்தவர்கள். ‘இது உயர்ந்த இலக்கியம், இதை மதி’ என்று சொன்னால், ‘ஏன்?’ என்று கேட்பார்கள். ‘நாங்கள் வாசிக்கிற பத்திரிகை, பாடுகிற பாட்டு, பார்க்கிற படம் ஏன் இதில இல்லை?’ என்றும் கேட்பார்கள். இந்தக் கேள்விகளுக்கு முகம் கொடுத்த அனுபவத்தோடுதான் அந்த மூன்று பேரின் புத்தகங்களும் எழுதப்பட்டன. ஹொகார்ட்டின் ‘எழுத்தறிவின் பயன்கள்’ 1957இல் வந்தது. வில்லியம்ஸின் ‘பண்பாடும் சமூகமும்’ 1958இல். தொம்சனின் ‘இங்கிலாந்துத் தொழிலாளர் வர்க்கத்தின் உருவாக்கம்’ 1963இல். பண்பாடு என்பது யாரோ சிலர் வைத்திருக்கும் நகை இல்லை, சாதாரண ஆட்கள் சேர்ந்து வாழ்கிற முறை முழுவதும் பண்பாடுதான் என்பது வில்லியம்ஸின் வாதம். கலாசார உத்தியோகத்தருக்கு அந்த வாதத்தில் வேலை கொஞ்சம் குறைவு.

நேர்மையாக ஒன்றும் சொல்லவேண்டும். ஹொகார்ட்டின் புத்தகத்தில் முதற்பாதி, தான் வளர்ந்த தெருவின் பேச்சு, சமையல், பாட்டு என்று அன்போடு எழுதியது. இரண்டாம் பாதி, புதிதாக வந்த மலிவுச் சஞ்சிகைகளும் பாட்டுப்பெட்டிகளும் இளைஞர்களைக் கெடுக்கின்றன என்று கவலைப்படுவது. அதாவது இந்தத் துறையின் முதற் புத்தகங்களில் ஒன்றுக்குள்ளேயே ‘கலாசாரச் சீரழிவு’ இருந்தது! பிறகு வந்த மாணவர்கள் அந்த இரண்டாம் பாதியோடு சண்டை பிடித்துத்தான் துறையை வளர்த்தார்கள்.

1960இல் லண்டனில் ஒரு வழக்கு நடந்தது. டி.எச். லோரன்ஸ் எழுதிய ‘லேடி சாட்டர்லியின் காதலன்’ நாவலை எதையும் வெட்டாமல், மலிவு விலையில், பெங்குவின் நிறுவனம் அச்சடித்தது. ஆபாசம் என்று வழக்குப் போட்டார்கள். உங்கள் மனைவியோ வேலைக்காரர்களோ படிக்கக்கூடிய புத்தகமா இது என்று அரச தரப்புச் சட்டத்தரணி யூரிகளைப் பார்த்துக் கேட்டது இன்றைக்கும் பிரபலம். படித்த ஆண்கள் வாசித்தால் பரவாயில்லை, பெண்களும் தொழிலாளிகளும் வாசித்தால்தான் ஆபத்து என்பதுதானே அதன் அர்த்தம்? பெங்குவினுக்காகச் சாட்சி சொன்னவர்களில் ஹொகார்ட்டும் ஒருவர். பெங்குவின் வென்றது.

இரண்டு வருடத்தில் ஹொகார்ட் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியரானார். பத்திரிகை, சினிமா, பொப் பாடல், தொலைக்காட்சி ஆகியவற்றை ஆராய ஒரு நிலையம் வேண்டும் என்றார். பல்கலைக்கழகம் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் காசையும் அவரே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. அவர் போய் நின்றது பெங்குவினின் நிறுவனர் அலன் லேனிடம். அந்தக் காசில்தான் 1964இல் ‘சமகாலப் பண்பாட்டுக் கற்கைகள் நிலையம்’ தொடங்கியது. மலிவுப் பதிப்பு விற்ற ஒருவரின் காசில், சாதாரண ஆட்கள் எதை வாசிக்கிறார்கள் என்று ஆராயும் நிலையம்.

கிங்ஸ்டனிலிருந்து வந்த பெடியன்

அந்தக் காசில் முதலில் வேலைக்கு எடுக்கப்பட்டவர் ஸ்டூவர்ட் ஹோல். 1932இல் ஜமெய்க்காவின் கிங்ஸ்டனில் பிறந்தவர். 1951இல் புலமைப்பரிசில் கிடைத்து ஒக்ஸ்போர்டுக்கு வந்தார். ஹென்றி ஜேம்ஸின் நாவல்கள் பற்றிக் கலாநிதிப் பட்ட ஆய்வைத் தொடங்கியவர் அதை முடிக்கவில்லை. 1956இல் பிரிட்டன் சுயஸ் கால்வாயில் படையெடுத்தது, சோவியத் ஒன்றியம் ஹங்கேரியில் படையெடுத்தது. இரண்டுக்கும் எதிராக நின்ற இளைஞர்கள் ‘புதிய இடதுசாரிகள்’ என்று கூடினார்கள். ஹோல் அவர்களில் ஒருவராகி, 1960இல் அவர்களுடைய சஞ்சிகையின் முதல் ஆசிரியரானார். இடையில் லண்டனில் சாதாரணப் பாடசாலை ஒன்றில் பதில் ஆசிரியராகவும் இருந்தார். பகலில் வகுப்பு, பின்னேரம் சஞ்சிகை.

காலனி நாட்டிலிருந்து ஆங்கில இலக்கியம் படிக்க வந்த பிள்ளை, ஆங்கிலேயர்களுக்கே அவர்களுடைய பண்பாட்டை வாசித்துக் காட்டுகிற ஆளாக மாறியது சின்ன விசயமில்லை. ஹொகார்ட் யுனெஸ்கோவில் வேலை ஏற்றுப் போன பிறகு, நிலையத்தை நடத்தும் பொறுப்பு ஹோலிடம் வந்தது. 1979 வரை அவர் அங்கே இருந்தார்.

அதே வளாகத்தில் எங்கட இரண்டு பேர்

இந்த இடத்தில்தான் எங்களுக்கே ஆச்சரியமாக இருந்த ஒரு செய்தி. அதே காலத்தில், அதே பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில், எங்கட இரண்டு பேரும் படித்துக்கொண்டிருந்தார்கள். க. கைலாசபதியும் கார்த்திகேசு சிவத்தம்பியும்தான். இருவருக்கும் ஆய்வை வழிநடத்தியவர் ஜோர்ஜ் தொம்சன். கிரேக்கப் பேராசிரியர், மார்க்சியர், அயர்லாந்தின் மேற்குக் கரைத் தீவொன்றின் மீனவர்களோடு பழகி அவர்களுடைய மொழியைப் பேசியவர். கைலாசபதி அங்கே செய்த ஆய்வு ‘தமிழ் வீரநிலைக் கவிதை’ பற்றியது. அது 1968இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாகப் புத்தகமானது. சிவத்தம்பி பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றி ஆராய்ந்து 1970இல் பட்டம் பெற்றார். சிவத்தம்பியும் ஹோலும் ஒரே வருடம் பிறந்தவர்கள் என்பது இன்னொரு சுவாரசியம்.

ஒரு பக்கம் சங்கக் கவிதையும் கிரேக்க நாடகமும். மறுபக்கம் தினசரிப் பத்திரிகையும் பொப் பாட்டும். வேறு வேறு துறைகள். ஆனால் கேள்வியை எடுத்துப் பார்த்தால் அவ்வளவு தூரமில்லை: இந்தப் பாட்டை யார் யாருக்காகப் பாடினார்கள்? அந்தச் சமூகத்தில் யாரிடம் அதிகாரம் இருந்தது? அது கவிதைக்குள் எப்படி வந்து உட்கார்ந்தது?

இருவருமே பல்கலைக்கழகத்துக்குள் மட்டும் இருந்தவர்கள் இல்லை. கைலாசபதி பேர்மிங்ஹாமுக்குப் போக முன்னமே தினகரன் பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர். தமிழ் நாவலைப் பற்றி எழுதும்போது அச்சு இயந்திரம், பத்திரிகை, புதிதாக வந்த வாசகர் கூட்டம் என்பவற்றைச் சேர்த்தே எழுதினார். சிவத்தம்பி வானொலி நாடகங்களில் நடித்தவர். பிறகு தமிழ் சினிமா எப்படி ஒரு அரசியல் தொடர்பு ஊடகமாக வேலை செய்தது என்று தனி நூலே எழுதினார். அது 1981இல் வந்தது. சினிமாவை ‘கூத்தாடிகளின் விசயம்’ என்று ஒதுக்காமல், ஏன் இத்தனை சனம் அதைப் பார்க்குது என்று கேட்ட பேராசிரியர் எங்களுக்கும் இருந்திருக்கிறார். ஆகவே ‘இதெல்லாம் வெள்ளைக்காரன்ர படிப்பு’ என்று யாராவது சொன்னால், இந்த இரண்டு பெயர்களையும் ஞாபகப்படுத்துங்கள்.

ஒரு சொல் எப்படிக் குற்றமாகியது

பேர்மிங்ஹாம் நிலையத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய விரிவுரையாளர்கள்தான் இருந்தார்கள். பட்டப்பின் மாணவர்கள் குழு குழுவாகச் சேர்ந்து வாசித்தார்கள், சேர்ந்து எழுதினார்கள். எழுதியதை ஸ்டென்சில் வெட்டி, உருட்டி, தாங்களே விற்றார்கள். 1971இலிருந்து சொந்தமாக ஒரு ஆய்விதழும் போட்டார்கள். ஒரு ஆள் மேடையில் நின்று சொல்ல மற்றவர்கள் குறிப்பு எடுப்பதென்ற பழக்கம் அங்கே குறைவு.

வெளியே நகரமும் சும்மா இருக்கவில்லை. 1968 ஏப்ரலில், பேர்மிங்ஹாம் ஹோட்டல் ஒன்றில்தான் ஈனொக் பவல் என்ற அரசியல்வாதி குடியேறிகளுக்கு எதிரான தன் பெயர்பெற்ற உரையை ஆற்றினார். அதே வருடக் கடைசியில் பல்கலைக்கழக மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்துக்குள் அமர்ந்து போராடினார்கள். நிலையத்து மாணவர்களும் அதில் இருந்தார்கள்.

1972 ஓகஸ்டில் லண்டன் வோட்டர்லூ ரயில் நிலையத்துக்குக் கிட்ட ஒரு முதியவர் வழிப்பறியில் கொல்லப்பட்டார். பத்திரிகைகள் அதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு சொல்லை எடுத்து வந்தன: ‘மக்கிங்’. தெருவில் மறித்துப் பறிப்பது பிரிட்டனில் புதுசில்லை. எத்தனையோ காலமாக வேறு வேறு பெயர்களில் நடந்ததுதான். ஆனால் புதுச் சொல் வந்ததும் அது புதுக் குற்றமானது. பத்திரிகை எழுதியது. நீதிபதிகள் பத்திரிகையைச் சுட்டி, ‘இது பரவுகிறது, கடுமையாகத் தண்டிக்க வேண்டும்’ என்றார்கள். பத்திரிகை நீதிபதி சொன்னதைத் தலைப்பாக்கியது. பொலிஸ் விசேட அணிகளைப் போட்டது. அணி போட்டால் கைது கூடும். கைது கூடினால் ‘குற்றம் கூடுகிறது’ என்று மறுபடி தலைப்பு. கொஞ்ச நாளில் அந்தச் சொல்லைக் கேட்டாலே ஒரு கறுப்பின இளைஞனின் முகம் ஞாபகம் வரும்படி ஆனது.

அதே வருடம் நவம்பரில், பேர்மிங்ஹாமின் ஹான்ட்ஸ்வொர்த் பகுதியில் மூன்று இளைஞர்கள் ஒருவரைத் தாக்கிக் கொள்ளையடித்தார்கள். அவர் மோசமாகக் காயப்பட்டார். அடுத்த வருடம் தீர்ப்பு வந்தது. இரண்டு பேருக்குப் பத்து வருடம். ஒருவருக்கு இருபது வருடம். அந்த ஒருவருக்கு வயது பதினாறு.

நிலையத்து ஆட்கள் இந்த வழக்கிலிருந்துதான் தொடங்கினார்கள். ஹோலும் நான்கு மாணவர்களும் ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்து, 1978இல் ‘நெருக்கடியைக் காவல்காத்தல்’ என்ற புத்தகத்தைப் போட்டார்கள். காயப்பட்ட மனிதனின் வலியை அவர்கள் மறுக்கவில்லை. அவர்கள் கேட்டது வேறு: நாடு பொருளாதார நெருக்கடியில் இருக்கும்போது, வேலை நிறுத்தங்கள் நடக்கும்போது, எல்லோருடைய பயமும் ஏன் இந்தப் பெடியனின் முகத்தில் வந்து குவிந்தது? அந்தப் பயத்தால் யாருக்கு வாசி?

இதை வாசிக்கும்போது எங்களுக்கு யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளின் முன்பக்கம் ஞாபகம் வந்தது. ‘வாள்வெட்டுக் குழு’ என்ற சொல்லை எத்தனை தரம் வாசித்திருப்போம்! வெட்டும் காயமும் உண்மை. அதை யாரும் லேசாகச் சொல்லக்கூடாது. ஆனால் அந்தச் சொல் வந்த பிறகு, மோட்டார் சைக்கிளில் மூன்று பேராகப் போகிற எந்தப் பெடியனும் சந்தியில் மறிக்கப்படுகிறான். அவன் எந்த ஊர், எந்தக் குடியிருப்பு என்பதைப் பொறுத்து மறிக்கப்படும் விதமும் மாறுகிறது. வேலை இல்லாததும், போருக்குப் பிறகு உடைந்துபோன குடும்பங்களும், சாதியும் அந்தத் தலைப்புக்குள் வருவதில்லை. ‘இளைஞர்கள் கெட்டுவிட்டார்கள்’ மட்டும் வருகிறது. ஊடகம் படிக்கிற ஒருவர் செய்யக்கூடிய வேலை இங்கேதான் கிடக்கிறது. அந்தச் சொல் முதலில் எப்போது வந்தது, யார் சொன்னதை யார் எடுத்துப் போட்டார்கள், எதை விட்டுவிட்டுப் போட்டார்கள் என்று பழைய பத்திரிகைகளை அடுக்கி வைத்து எண்ணிப் பார்க்கிற வேலை.

டைனமோ வானொலி

1973இல் ஹோல் ஒரு கட்டுரை வாசித்தார். தொலைக்காட்சியில் செய்தி தயாரிக்கிறவர் அதற்குள் ஒரு அர்த்தத்தைப் பொதிந்து அனுப்புகிறார். பார்க்கிறவர் அதைப் பிரித்து எடுக்கிறார். பொதிந்த மாதிரியே பிரிப்பார் என்று கட்டாயமில்லை. மூன்று விதமாக நடக்கலாம் என்றார். அனுப்பியவர் நினைத்தபடியே எடுப்பது ஒன்று. ‘பொதுவாகச் சரி, ஆனால் எங்கட விசயத்தில அப்பிடியில்லை’ என்று பேரம் பேசி எடுப்பது இரண்டாவது. முழுவதையும் எதிராக நின்று வாசிப்பது மூன்றாவது.

பிறகு சார்லொட் பிரன்ஸ்டனும் டேவிட் மோர்லியும் பி.பி.சி.யின் ‘நேஷன்வைட்’ என்ற மாலை நிகழ்ச்சியை ஆராய்ந்தார்கள். மோர்லி அதை 29 குழுக்களுக்குப் போட்டுக்காட்டி, அவர்கள் கதைத்ததைப் பதிவுசெய்தார். வங்கி முகாமையாளர்கள் ஒரு மாதிரி எடுத்தார்கள், தொழிற்சங்கக்காரர் வேறு மாதிரி எடுத்தார்கள். கறுப்பின மாணவர்கள் சிலருக்கு அந்த நிகழ்ச்சி தங்களோடு கதைக்கிற மாதிரியே தெரியவில்லை. பார்வையாளர் வெறும் பாத்திரம் இல்லை, ஊற்றியதையெல்லாம் வாங்கிக்கொள்ள.

இதை முதன்முதல் வகுப்பில் கேட்டபோது எங்களுக்கு அது அவ்வளவு புதிதாகத் தெரியவில்லை. அதற்குக் காரணம் அம்மா அப்பாமார் சொன்ன கதைகள். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. பற்றரியும் கிடையாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டார்கள். அரச வானொலியைக் கேட்பார்கள், புலிகளின் குரலைக் கேட்பார்கள், பி.பி.சி. தமிழோசையையும் கேட்பார்கள். ஒரே சண்டைக்கு மூன்று கணக்கு வரும். ‘இவன் இத்தினை எண்டா, அவன் அத்தினை எண்டா, நடந்தது இவ்வளவாத்தான் இருக்கும்’ என்று திண்ணையில் இருந்தே ஒரு முடிவுக்கு வருவார்கள். ‘மீட்கப்பட்டது’ என்று ஒரு வானொலி சொன்னால், எங்கே இருந்து சனம் ஓடுது என்று கணக்குப் பார்ப்பார்கள். பேரம் பேசி வாசிப்பதை அவர்களுக்கு எந்தப் பேராசிரியரும் படிப்பிக்கவில்லை. உயிர் பிழைக்க வேண்டியிருந்தது, பழகிக்கொண்டார்கள்.

அந்தப் பழக்கத்தை எழுதி வைத்திருக்கிறோமா என்பதுதான் கேள்வி. சைக்கிள் சுற்றியவர்களுக்கு இப்போது வயது போய்க்கொண்டிருக்கிறது.

உள்ளேயே நடந்த சண்டை

இந்த நிலையத்தைக் கோயிலாக்கும் எண்ணம் எங்களுக்கில்லை. அதற்குள்ளேயே ஆட்கள் விடுபட்டுப் போனார்கள்.

எழுபதுகளில் அங்கே இளைஞர் குழுக்கள் பற்றிய ஆய்வுகள் பிரபலம். டெடி போய்ஸ், மொட்ஸ், ஸ்கின்ஹெட்ஸ் என்று உடுப்பும் பாட்டும் நடையும் ஆராயப்பட்டன. பொல் வில்லிஸ் பாடசாலையை வெறுத்த பன்னிரண்டு தொழிலாளர் வர்க்கப் பெடியன்களைப் பின்தொடர்ந்து, அவர்கள் ஆசிரியரை எதிர்த்த அதே எதிர்ப்பே அவர்களைத் தகப்பன்மாரின் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய் விட்டது என்று 1977இல் எழுதினார். அருமையான ஆய்வு. ஆனால் இவற்றில் எங்கே பெட்டையள்? அஞ்சலா மக்ரொபியும் ஜெனி கார்பரும் இதைத்தான் கேட்டார்கள். தெருவில் நிற்க விடப்படாத பெண்பிள்ளையின் கலாசாரத்தைத் தெருவில் தேடினால் கிடைக்காது, அவளுடைய அறைக்குள் போய்ப் பாருங்கள் என்றார்கள். மக்ரொபி ‘ஜக்கி’ என்ற சிறுமிகளின் சஞ்சிகையை எடுத்து ஆராய்ந்தார். நிலையத்துப் பெண்கள் குழு 1978இல் ஆய்விதழின் ஒரு இதழ் முழுவதையும் கையில் எடுத்தது. சண்டை இல்லாமல் அது நடக்கவில்லை. நல்ல இடதுசாரி ஆண்களும் தங்கள் கதிரையை விட்டு எழும்பக் கஷ்டப்பட்டார்கள்.

1982இல் போல் கில்ரோய், ஹேசல் கார்பி, பிரதிபா பார்மர் முதலிய மாணவர்கள் சேர்ந்து இன்னொரு புத்தகம் போட்டார்கள். இனவாதம் பற்றி இந்தத் துறையே போதுமான அளவு சிந்திக்கவில்லை, வெள்ளைப் பெண்ணியமும் சிந்திக்கவில்லை என்றார்கள்.

வெளியிலிருந்து வந்த கடுமையான விமர்சனம் ஒன்று எங்கட ஆளுடையது. அம்பலவாணர் சிவானந்தன், 1923இல் கொழும்பில் பிறந்த தமிழர். 1958 கலவரத்துக்குப் பிறகு இலங்கையை விட்டு லண்டனுக்குப் போனார். அங்கே நொட்டிங்ஹில்லில் கறுப்பின மக்களுக்கு எதிரான கலவரம் நடந்துகொண்டிருந்தது. ஒரு கலவரத்திலிருந்து இன்னொரு கலவரத்துக்கு! இன உறவுகள் நிறுவகத்தில் நூலகராகச் சேர்ந்தார். 1972இல் ஊழியர்களும் உறுப்பினர்களும் சேர்ந்து அந்த நிறுவகத்தையே அதன் பெரிய மனிதர்களிடமிருந்து கைப்பற்றினார்கள். அதன் சஞ்சிகையை ‘இனமும் வர்க்கமும்’ என்று மாற்றினார்கள். எண்பதுகளின் முடிவில் ஹோலும் நண்பர்களும் ‘புதிய காலம் வந்துவிட்டது, அடையாளமும் நுகர்வும் பண்பாடும்தான் இனி அரசியலின் களம்’ என்ற போக்கில் எழுதியபோது, சிவானந்தன் 1990இல் கோபமாகப் பதில் எழுதினார். பண்பாட்டைப் பற்றிக் கதைத்துக் கதைத்து, பசியோடு இருப்பவனையும் வேலை பறிபோனவனையும் மறந்துவிட்டீர்கள் என்பது அந்தக் கட்டுரையின் சாரம்.

எங்களுக்குள் இது பற்றி இன்னும் விவாதம் முடியவில்லை. சிலருக்கு ஹோல் பக்கம், சிலருக்கு சிவானந்தன் பக்கம். ஆனால் கண்டி வீதியில் ஓடுகிற பஸ்ஸில் போடும் பாட்டைப் பற்றி மூவாயிரம் சொல் எழுதிவிட்டு, அதே பஸ்ஸில் நின்றபடி கார்மன்ற்ஸ் வேலைக்குப் போகிற அக்காவைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாத கட்டுரைகளை நாங்களும் எழுதியிருக்கிறோம். சிவானந்தன் எங்களுக்கும் சேர்த்துத்தான் திட்டியிருக்கிறார்.

மூடிய கதவு

1979இல் ஹோல் நிலையத்தை விட்டுத் திறந்த பல்கலைக்கழகத்துக்குப் போனார். முன்தகைமை எதுவும் கேட்காமல் எவரையும் சேர்க்கிற, அந்தக் காலத்தில் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் பாடம் நடத்திய பல்கலைக்கழகம் அது. இரவு வகுப்பில் பிறந்த படிப்பு, மீண்டும் இரவு வகுப்புக்கே போன மாதிரி. 1997 வரை அங்கே படிப்பித்தார். 2014இல் காலமானார்.

நிலையம் பிறகு ஒரு முழுத் துறையாகி, இளமாணி மாணவர்களையும் சேர்த்தது. பிரிட்டனில் ஒவ்வொரு துறையின் ஆய்வுக்கும் தரப்புள்ளி போடும் முறை வந்திருந்தது. 2001 மதிப்பீட்டில் பேர்மிங்ஹாம் துறைக்கு நிர்வாகம் எதிர்பார்த்த புள்ளி வரவில்லை. 2002இல் துறையை மூடிவிட்டார்கள். மாணவர்கள் இல்லாமல் மூடவில்லை. மாணவர்கள் எதிர்த்துப் போராடினார்கள், பல நாடுகளிலிருந்து கடிதங்கள் வந்தன. ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வருடம் அந்நாட்டு உயர்கல்வி அமைச்சர் ஒருவர், சில பட்டப்படிப்புகளை ‘மிக்கி மவுஸ் படிப்பு’ என்று கேலி செய்தார். ஊடகக் கற்கைகளைத் திட்ட அந்தச் சொல் அங்கே இன்றைக்கும் பயன்படுகிறது. அந்த நாட்டு மாமாக்களும் எங்கட மாமாக்கள் மாதிரித்தான்.

இன்றைக்கு யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் தமிழில் ஊடகம் படிக்கலாம். அதிகம் கேட்கப்படுவது கமரா, எடிட்டிங், செய்தி எழுதுதல். அவை தேவை, வேலையும் அதில்தான் கிடைக்கும். ஆனால் வேலைக்குப் போன முதல் நாளே ‘கலாசாரச் சீரழிவு’ என்று ஒரு தலைப்பு எழுதச் சொல்வார்கள். அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்ய முன்னம் ஒரு நிமிடம் கை நிற்குமா இல்லையா என்பதில்தான் மற்றப் பாதிப் படிப்பு இருக்கிறது.

ஆகவே மாமா, அடுத்த முறை பந்தியில் கேட்டால் இப்படிச் சொல்லலாம் என்று நினைக்கிறோம்: “நியூஸ் வாசிக்கத்தான் மாமா படிக்கிறம். நீங்கள் சைக்கிள் சுத்திச் சுத்தி வாசிச்ச மாதிரி. சாப்பிட்டு முடிய அந்தக் கதையை ஒருக்காச் சொல்லுங்கோ, ரெக்கோர்ட் பண்ணவேணும்.”